முறிந்த நட்பும் கதைதான்: வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் கிராஃபிக் நாவல் (படங்களால் சொல்லப்படும் நாவல்) படைப்பாளி ரெய்னா டெல்கெமையரைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு பக்க அளவில் எழுதியிருந்தேன். அவர் எவற்றைப் படித்து வளர்ந்தார், நட்பைப் பற்றி அவர் சொல்லும் கதைகள் பத்துப் பன்னிரண்டு வயதுக் குழந்தைகளை ஏன் இப்படிப் பிடித்துக்கொள்கின்றன என்று கேட்டுப் பல கடிதங்கள் வந்துள்ளன. ஒத்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: என் மகள் 'ஸ்மைல்' நூலைப் பள்ளி நூலகத்திலிருந்து எடுத்துவந்து இரண்டே நாளில் முடித்துவிட்டு, மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து தொடங்கிவிட்டாள். இதை எழுதியவர் யார்? சிறுவயதில் இவர் எதைப் படித்திருப்பார்?
(ஆசிரியை, திருச்சி)

ரெய்னா டெல்கெமையர் 1977-இல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் கல்லூரியில் சித்திரக்கலை பயின்று, தாமே அச்சிட்டு விற்ற 'டேக்-அவுட்' என்ற சிறு சித்திரக்கதை இதழ்களின் வழியாக இந்தத் துறைக்குள் வந்தார். ஆறாம் வகுப்பில் படிக்கும்போது ஒருநாள் மாலை சாரணியர் கூட்டம் முடிந்து தோழிகளோடு வீட்டுவாசலை நோக்கி ஓடியபோது தடுக்கி விழுந்ததில், அவருடைய முன்பற்களில் ஒன்று கழன்று விழுந்தது, மற்றொன்று ஈறுக்குள் ஏறிவிட்டது. அதன்பிறகு அறுவைச் சிகிச்சை, ரூட் கெனால், கிளிப், பொய்ப்பல் என்று நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நீண்ட அந்த அனுபவத்தை 2004 முதல் வாரம் ஒரு பக்கமாக இணையத்தில் வரைந்துவந்தார். அதுவே 2010-இல் 'ஸ்மைல்' என்ற நூலாக வெளிவந்து, அடுத்த ஆண்டு சித்திரக்கதைகளுக்கென்று வழங்கப்படும் ஐஸ்னர் விருதையும் பெற்றது. பல் மருத்துவத்தைப் பற்றிய கதை என்று தொடங்கும் அந்த நூல், பாதியைத் தாண்டுவதற்குள் தோழிகளைப் பற்றிய கதையாக மாறிவிடுகிறது. உங்கள் மகள் இரண்டாம் முறை படிப்பதும் பெரும்பாலும் அந்தப் பகுதிக்காகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

அவர் படித்தவற்றைப் பற்றி அவரே பல நேர்காணல்களில் விருப்பத்தோடு பேசியிருக்கிறார். நாளிதழ்களில் வந்த படத்தொடர்களில் பில் வாட்டர்சனின் 'கால்வின் அண்ட் ஹாப்ஸ்' அவருக்கு மிகவும் நெருக்கமானது. ஆறு வயதுச் சிறுவனும் அவன் கண்ணுக்கு மட்டும் உயிரோடு நடமாடும் பொம்மைப் புலியும் கொண்ட நட்பு, 1985 முதல் 1995 வரை பத்து ஆண்டுகள் நாள்தோறும் வெளிவந்தது. ஆயினும் அவருடைய எழுத்தின் நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டுமென்றால், கனடாவைச் சேர்ந்த லின் ஜான்ஸ்டன் 1979-இல் தொடங்கிய 'ஃபார் பெட்டர் ஆர் ஃபார் வொர்ஸ்' தொடரைத்தான் பார்க்க வேண்டும். மற்ற படத்தொடர்களில் பாத்திரங்களுக்கு வயதே ஏறுவதில்லை. ஜான்ஸ்டனின் பேட்டர்சன் குடும்பமோ வாசகர்களோடு சேர்ந்தே வளர்ந்தது. தொடக்கத்தில் தவழ்ந்த குழந்தை பின்னர் கல்லூரிக்குப் போனாள், வீட்டு நாய் முதுமையடைந்து ஒருநாள் இறந்தே போனது. ஒரு குடும்பத்தின் சாதாரண நாட்கள், நகைச்சுவைத் துணுக்கு ஒன்றின் துணைகூட இல்லாமல், கதையாக நிற்க முடியும் என்பதை ரெய்னா அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

படமில்லாத நூல்களில், சிறுவர் எழுத்தாளர்களான பெவர்லி கிளியரியும் ஜூடி ப்ளூமும் அவருக்குப் பிரியமானவர்கள். கிளியரி எழுதிய 'ரமோனா க்விம்பி, ஏஜ் 8' நூலில் ஒரு காட்சி உண்டு. அவித்த முட்டையைத் தலையில் தட்டி உடைப்பது அந்த வகுப்புப் பிள்ளைகளின் விளையாட்டு. ரமோனாவின் தாய் அன்று அவசரத்தில் பச்சை முட்டையைக் கொடுத்தனுப்பிவிட, அது அவள் தலையில் வழிகிறது. அந்த நிலையில் நிற்கும்போது, தன்னைத் தொல்லை பிடித்த பிள்ளை என்று ஆசிரியை வேறொருவரிடம் சொல்வது ரமோனாவின் காதில் விழுகிறது. அதே நூலில் பின்னொரு நாள், எல்லாப் பிள்ளைகளும் பார்த்துக்கொண்டிருக்க அவள் வகுப்பிலேயே வாந்தியெடுத்துவிடுகிறாள். ரெய்னாவின் 'கட்ஸ்' என்ற 2019-ஆம் ஆண்டு நூலை இதையடுத்துப் படித்துப் பாருங்கள். வாந்தி வந்துவிடுமோ என்ற பயமே நோயாகி, உணவையும் பள்ளியையும் தோழியரையும் விட்டு ஒதுங்கத் தொடங்கும் நான்காம் வகுப்புச் சிறுமியின் கதை அது. ஒன்று மற்றொன்றிலிருந்து பிறந்தது என்று நான் சொல்லவில்லை. பெரியவர்கள் அற்பம் என்று தள்ளிவிடும் ஓர் அவமானத்தை முழுக்கதைக்குத் தகுதியானதாகக் கருதும் மனம் இருவருக்கும் பொதுவானது.

கேள்வி: ஹிரோஷிமா அணுகுண்டைப் பற்றிய சித்திரக்கதை ஒன்றை அவருடைய தந்தையே சிறுவயதில் கொடுத்தார் என்று எழுதியிருந்தீர்கள். பத்து வயதுக் குழந்தைக்கு அதைக் கொடுப்பது முறையா?
(வாசகர், ஈரோடு)

நீங்கள் குறிப்பிடுவது கெய்ஜி நகசாவாவின் 'பேர்ஃபுட் ஜென்'. 1945 ஆகஸ்ட் 6 காலையில் ஆறு வயதுச் சிறுவனாக இருந்த நகசாவா, பள்ளியின் கான்கிரீட் சுவர் மறைத்ததால் உயிர் தப்பினார். அவருடைய தந்தையும் அக்காவும் தம்பியும் இடிந்து எரிந்த வீட்டுக்குள் மாண்டார்கள். ஏறத்தாழ அதே கதையை ஜென் என்ற சிறுவனின் கதையாக 1973 முதல் அவர் வரைந்தார். அதைப் படித்தபோது ரெய்னாவுக்குப் பத்து வயதை ஒட்டிய பருவம். தாம் அழுத அழுகையையும், நல்லவர்களுக்கு நல்ல முடிவே கிடைக்கும் என்ற நம்பிக்கை அன்றோடு உடைந்ததையும் அவர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்.

எல்லாக் குழந்தைக்கும் அந்த வயதில் அதைக் கொடுக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். கொடுத்துவிட்டுப் பெரியவர்கள் தம் வேலையைப் பார்க்கப் போவதாக இருந்தால், கொடுக்கவே வேண்டாம். கூடவே உட்கார்ந்து படித்து, பக்கத்துக்குப் பக்கம் வரும் கேள்விகளுக்குப் பொறுமையாகப் பதில் சொல்ல ஆள் இருக்கும் வீட்டில் மட்டுமே அதற்கு இடம் உண்டு. ஆனால் அந்த வாசிப்பு அவருடைய படைப்பில் என்ன செய்திருக்கிறது என்பதைத் தெளிவாகக் காட்ட முடியும். 'கோஸ்ட்ஸ்' (2016) நூலில் வரும் தங்கை மாயாவுக்கு நுரையீரலைப் பாதிக்கும் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய். கதை முடியும்போதும் அவளுக்கு அந்த நோய் இருக்கிறது. அதிசயம் நிகழ்ந்து குணமாவதாக எழுத எந்தத் தடையும் இல்லாத, ஆவிகள் நடமாடும் ஒரு கதையிலேயே அவர் அப்படி எழுதாமல் விட்டிருக்கிறார். நட்பைப் பற்றிய அவருடைய கதைகளிலும் இதே நேர்மை உண்டு. உடைந்ததையெல்லாம் கடைசிப் பக்கத்தில் ஒட்டவைத்துக் கொடுக்கும் வழக்கம் அவரிடம் இல்லை.

ஜென் கதையில் குண்டு விழுந்த பிறகு, இறந்துபோன தம்பியை அப்படியே உரித்துவைத்தாற்போன்ற ரியூட்டா என்ற அநாதைச் சிறுவனை ஜென் சந்திக்கிறான். முதலில் தம்பியே உயிரோடு வந்துவிட்டதாக நம்பி ஏமாந்து, பிறகு அவனையே உடன்பிறந்தவனாக ஏற்றுக்கொள்கிறான். நட்பைப் பற்றி எழுதப்பட்ட சித்திரக்கதைகளில் அதற்கு இணையாகச் சொல்ல எனக்கு வேறொன்று நினைவுக்கு வரவில்லை.

கேள்வி: அவருக்குப் பெயர் வாங்கித்தந்த முதல் நூல்கள் வேறொருவருடைய நாவல்களின் சித்திரக்கதை வடிவம்தானே? அதைச் சொந்தப் படைப்பு என்று சொல்ல முடியுமா?
(கல்லூரி மாணவர், கோவை)

அந்த வாய்ப்பு வந்த விதமே உங்கள் கேள்விக்குப் பாதி விடை. ஸ்கொலாஸ்டிக் என்ற பதிப்பு நிறுவனம் 2005-இல் 'கிராஃபிக்ஸ்' என்ற பெயரில் சிறுவர் கிராஃபிக் நாவல்களுக்கென்று தனிப் பதிப்புப் பிரிவைத் தொடங்கிய காலம் அது. ரெய்னாவின் சிறு இதழ்களைப் பார்த்திருந்த பதிப்பாசிரியர்கள், சிறுவயதில் உங்களுக்குப் பிடித்த நூல் எது என்று பேச்சுவாக்கில் அவரிடம் கேட்டார்கள். ஆன் எம். மார்ட்டின் 1986 முதல் எழுதிவந்த 'பேபி சிட்டர்ஸ் கிளப்' வரிசையை அவர் சொல்ல, அதையே சித்திரக்கதையாக்கும் பொறுப்பு அவர் கைக்கு வந்துவிட்டது. மலிவான வெகுஜனத் தொடர் என்று பலர் ஒதுக்கிய ஒரு வரிசையைத் தமக்குப் பிடித்தது என்று கூச்சமில்லாமல் சொன்னதால் கிடைத்த வேலை அது. 2006 முதல் 2008 வரை நான்கு நூல்கள் கருப்பு வெள்ளையில் வந்தன, பின்னர் வண்ணத்திலும் வந்தன.

அந்த நான்கில் 'தி ட்ரூத் அபௌட் ஸ்டேசி' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். தனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்பது தெரியாத நாட்களில், தோழியின் வீட்டில் இரவு தங்கப் போன ஸ்டேசி படுக்கையை நனைத்துவிடுகிறாள். நெருங்கிய தோழியே அதற்குப் பிறகு முகம் திருப்பிக்கொள்கிறாள். ஊர் மாறி வந்த பின்னும், புதிய தோழிகளிடம் நோயைச் சொன்னால் மறுபடியும் அதேதான் நடக்குமோ என்று அஞ்சுகிறாள். கதை மார்ட்டினுடையது. ஆனால் சொல்லவா வேண்டாமா என்று தயங்கும் அந்தக் கணத்தில் ஸ்டேசியின் தோள் எப்படிக் குறுகுகிறது, எதிரில் இருப்பவளின் புருவம் எந்தப் படக்கட்டத்தில் உயர்கிறது, எந்தக் கட்டத்தில் தணிகிறது என்பதெல்லாம் வரைந்தவரின் முடிவு. ஒரு நாவலை நாடகமாக்கி மேடையில் நடிப்பவரின் பங்கு எவ்வளவோ அவ்வளவு சொந்தம் இதிலும் உண்டு. கண்கள் வெறும் புள்ளியாகச் சுருங்குவது, வாய் முகத்தைவிடப் பெரிதாகத் திறப்பது போன்ற அவருடைய முகபாவ மொழி இந்த நான்கு நூல்களில்தான் பழகிப் பக்குவப்பட்டது.

கேள்வி: நட்பைப் பற்றி எத்தனையோ நாவல்கள் இருக்கின்றன. படம் வரைந்து சொல்வதால் கூடுதலாக என்ன கிடைத்துவிடுகிறது?
(ஓய்வுபெற்ற நூலகர், தஞ்சாவூர்)

உங்கள் கேள்வியில் உள்ள ஐயம் நியாயமானது, அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

சித்திரக்கதைக் கலைஞர் ஸ்காட் மெக்லவுட் 1993-இல் வெளியிட்ட 'அண்டர்ஸ்டாண்டிங் காமிக்ஸ்' என்ற நூலில் ஓர் எடுத்துக்காட்டு வரும். ஒரு கட்டத்தில் ஒருவன் கோடரியை ஓங்குகிறான். அடுத்த கட்டத்தில் இரவு நேர நகரத்தின் மேல் ஓர் அலறல் மட்டும் கேட்கிறது. கோடரி இறங்கியதை ஓவியர் வரையவே இல்லை. அதை இறக்கியது வாசகர்தான் என்கிறார் மெக்லவுட். இரண்டு கட்டங்களுக்கு நடுவே உள்ள வெள்ளை இடைவெளியில் நடப்பதை வாசகரின் மனமே நடத்தி முடிக்கிறது என்பது அவர் கருத்து. நட்பு வளர்வதும் தேய்வதும் பெரும்பாலும் இப்படி யாரும் எடுத்துச் சொல்லாத இடைவெளிகளில்தான் நடக்கிறது. நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்தவள் இன்று இரண்டு இருக்கை தள்ளி உட்கார்கிறாள். நால்வர் பேசிச் சிரிக்கும் இடத்தில் ஐந்தாமவளின் சிரிப்பு மட்டும் அரைக்கணம் தாமதமாக வருகிறது. நாவலாசிரியர் இதைச் சொல்ல வேண்டுமானால் வாக்கியம் எழுதித்தான் ஆக வேண்டும், எழுதிய உடனே அது கவனத்துக்குரிய நிகழ்ச்சியாகிவிடும். ஓவியரோ அதை ஒரு கட்டத்தின் ஓரத்தில் வரைந்துவிட்டுப் பேசாமல் இருக்கலாம். பார்த்தவர் பார்த்துக்கொள்வார். பார்க்காதவர் பத்துப் பக்கம் தாண்டி நட்பு முறியும்போது திரும்பிவந்து தேடுவார்.

'ஸ்மைல்' நூலில் இதை அருகிலிருந்து பார்க்கலாம். கதையின் முற்பகுதியில் ரெய்னாவின் தோழியர் கூட்டம் எப்போதும் ஒரே கட்டத்துக்குள் நெருக்கியடித்து நிற்கும். கேலி அங்கேயே தொடங்கிவிடுகிறது. கிளிப்பைப் பற்றி, பல்லைப் பற்றி, உடையைப் பற்றி வரும் ஒவ்வொரு கேலிக்கும் எல்லோரும் சிரிக்கிறார்கள், கேலிக்கு ஆளானவளும் சேர்ந்து சிரிக்கிறாள். எந்த ஒரு கேலியையும் தனியாக எடுத்து, இது கொடுமை என்று சொல்லிவிட முடியாது. நூலின் வலிமையே அதில்தான் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிக்குப் போன பிறகு ஒருநாள், பலர் பார்க்கும் இடத்தில், தோழிகள் பின்னாலிருந்து அவளுடைய பாவாடையைப் பிடித்துக் கீழே இழுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு அதுவும் இன்னொரு கேலிதான். இந்த முறை அவள் சேர்ந்து சிரிப்பதில்லை. கொதித்துப்போய், வாய்திறந்து கேட்டுவிட்டு, திரும்பி நடக்கிறாள். அதுவரை நெரிசலாக இருந்த கட்டங்கள் போய், அவள் தனியாக நிற்கும் கட்டங்கள் வருகின்றன. தனிமையும் விடுதலையும் ஒரே படத்தில் தெரிகின்றன.

வண்ணத்துக்கும் இதில் பங்கு உண்டு. 'கட்ஸ்' நூலில் பயம் தலைதூக்கும் பக்கங்களில் வயிற்றைப் புரட்டும் ஒரு பச்சை நிறம் பின்னணியெங்கும் பரவும். 'சிஸ்டர்ஸ்', 'கோஸ்ட்ஸ்', 'கட்ஸ்' மூன்றுக்கும் வண்ணம் தீட்டியவர் பிரேடன் லாம். இப்படிப்பட்ட நூல்களைப் பேசும்போது வண்ணக் கலைஞரின் பெயர் பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது என்பதால் இங்கே சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளை அவளுடைய தோழிகளே பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்கள். அவள் அவர்களை விட்டு வரவும் மறுக்கிறாள், வீட்டில் அழுகிறாள். 'ஸ்மைல்' நூலை அவளுக்குக் கொடுத்தால் பயன்படுமா, அல்லது நட்பையே வெறுத்துவிடுவாளா?
(தந்தை, சேலம்)

தாராளமாகக் கொடுங்கள். ஆனால் ஒரு மருந்தைக் கொடுப்பதுபோல, 'இதைப் படி, உனக்குப் புத்தி வரும்' என்று சொல்லிக் கொடுக்காதீர்கள். வீட்டில் அவள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டு, முடிந்தால் முதலில் நீங்களே படித்துவிடுங்கள். நீங்கள் படிப்பதை அவள் பார்ப்பது நல்லது.

உங்கள் அச்சத்துக்கு நூலிலேயே பதில் இருக்கிறது. ரெய்னா அந்தக் கூட்டத்தை விட்டு முதல் கேலியிலேயே வெளியேறுவதில்லை. ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்கிறாள். சிறுவயதிலிருந்தே கூட இருந்தவர்கள், இவர்களை விட்டால் மதிய உணவு வேளையில் யாரோடு உட்காருவது என்ற கவலை அவளைக் கட்டிப்போடுகிறது. பெரியவர்களாகிய நமக்கு 'அவர்களோடு சேராதே' என்று சொல்வது ஒரு வரி. பன்னிரண்டு வயதில் அது ஊரையே விட்டுப் போவதற்குச் சமம். அந்தத் தயக்கத்தைக் கோழைத்தனமாகக் காட்டாமல், காரணமுள்ள தயக்கமாகக் காட்டுவதால்தான் இந்த நூலை நான் மதிக்கிறேன். உங்கள் மகளும் தன் நிலையை அதில் அடையாளம் கண்டுகொள்வாள் என்று நம்புகிறேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். தோழிகள் அரக்கிகளாக வரையப்படவில்லை. அவர்களோடு அவள் சிரித்த நல்ல நாட்களும் நூலில் இருக்கின்றன. விலகிய பிறகு புதிய நண்பர்கள் கிடைக்கிறார்கள், ஆனால் மறுநாளே கிடைத்துவிடுவதில்லை. தன்மேல் பிரியம் வைத்த ஒரு சிறுவனை நேராக எதிர்கொள்ளத் துணியாமல் ரெய்னாவே விலகி ஓடி, அவனை நோகவைத்துவிடும் பகுதியும் உண்டு. காயப்பட்டவள் காயப்படுத்தவும் கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. இதைப் படிக்கும் குழந்தை நட்பை வெறுக்காது. எது நட்பு, எது கூட்டத்தோடு கூட்டமாக நிற்பது என்று பிரித்துப் பார்க்கத் தொடங்கும்.

1989 அக்டோபர் 17 அன்று சான் பிரான்சிஸ்கோவை உலுக்கிய லோமா ப்ரியேட்டா நிலநடுக்கமும் இந்த நூலில் வருகிறது. ஊரே நடுங்கிய அந்த மாலைக்குப் பிறகு, பற்கள் இல்லாதது உலகத்தின் முடிவல்ல என்று அவளுக்குத் தோன்றுகிறது. ஆனால் மறுவாரம் பள்ளியில் கேலி செய்தால் வலிக்கத்தான் செய்கிறது. 'எத்தனையோ பேருக்கு எவ்வளவோ கஷ்டம், உனக்கு இது ஒரு பிரச்சினையா' என்று உங்கள் மகளிடம் சொல்லத் தோன்றினால், இந்தப் பகுதியை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

நூல் தன் வேலையைச் செய்யட்டும். அதோடு நில்லாமல் வகுப்பாசிரியரிடம் நீங்கள் பேசத்தான் வேண்டும். அவளுடைய சாப்பாடும் தூக்கமும் கெட்டிருந்தால் மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போகத் தயங்க வேண்டாம். 'கட்ஸ்' நூலில் ரெய்னாவின் பெற்றோர் அதைத்தான் செய்கிறார்கள். ஆலோசகரின் அறையில் முதலில் வாயே திறக்காத அந்தச் சிறுமி, பின்னர் அங்கே கற்றுக்கொண்ட மூச்சுப் பயிற்சியைத் தன் வகுப்புக்கே செய்துகாட்டும் அளவுக்கு வருகிறாள்.

கேள்வி: அவருடைய 'டிராமா' நூலை அமெரிக்கப் பள்ளிகளில் எதிர்க்கிறார்கள் என்கிறார்களே, ஏன்?
(வாசகி, புதுச்சேரி)

2012-இல் வந்த 'டிராமா', நடுநிலைப் பள்ளி ஒன்றில் இசைநாடகம் போடும் மாணவர்களின் கதை. மேடைக்கு முன்னால் ஆடுபவர்களைக் காட்டிலும், பின்னால் நின்று மேடையமைப்புச் செய்யும் கேல்லி என்ற சிறுமிக்கும் அவளுடைய கூட்டாளிகளுக்கும்தான் அதில் முதலிடம். தன்பால் ஈர்ப்புள்ள சிறுவர்கள் அதில் மற்றவர்களைப் போலவே இயல்பாக வருகிறார்கள். எதிர்ப்புக்கு அதுவே காரணம். அமெரிக்க நூலகச் சங்கம் 2010 முதல் 2019 வரையிலான பத்தாண்டுகளுக்குத் தொகுத்த பட்டியலில், மிகுதியான எதிர்ப்புக்கு ஆளான முதல் பத்து நூல்களுக்குள் இதுவும் இடம்பெற்றது.

இங்கேயும் அவருடைய வாசிப்பின் தொடர்ச்சியைக் காண்கிறேன். 1993-இல் லின் ஜான்ஸ்டன் தம் தொடரில், பேட்டர்சன் வீட்டு மகன் மைக்கேலின் பால்ய நண்பன் லாரன்ஸ் தன் தன்பால் ஈர்ப்பை அவனிடம் சொல்வதாக வரைந்தார். லாரன்ஸை வீட்டைவிட்டுத் துரத்திவிடுகிறார்கள். செய்தி கேட்ட மைக்கேல் இரவோடு இரவாக அவனைத் தேடிப் போகிறான். பல நாளிதழ்கள் அந்தப் பகுதியை வெளியிட மறுத்தன, சில தொடரையே நிறுத்தின. ஆனால் மறு ஆண்டு புலிட்சர் பரிசின் இறுதிச் சுற்றுவரை ஜான்ஸ்டனின் பெயர் போனது. நண்பன் தன்னைப் பற்றிய ஓர் உண்மையைச் சொல்லும்போது அவனோடு நிற்பதா விலகுவதா என்பதே அந்தக் கதையின் மையம். 'டிராமா'வில் கேல்லிக்கு வரும் சோதனையும் அத்தகையதே. தான் விரும்பியவன் தன்னை அவ்வகையில் விரும்பமாட்டான் என்று தெரிந்த பிறகும் அவனோடு நட்பாக இருக்க அவளால் முடிகிறது. அதைக் குழந்தைகளின் கண்ணில் படக்கூடாத ஒன்றாக என்னால் கருத முடியவில்லை.

கேள்வி: நானும் படம் வரைவேன். என் பள்ளிக்கால நண்பர்களைப் பற்றிச் சித்திரக்கதை செய்ய ஆசை. எங்கிருந்து தொடங்குவது?
(வாசகர், யாழ்ப்பாணம்)

மெக்லவுடும் ரெய்னாவும் சேர்ந்து 2025-இல் வெளியிட்ட 'தி கார்ட்டூனிஸ்ட்ஸ் கிளப்' உங்களுக்கென்றே எழுதியதுபோல் இருக்கும். பள்ளி நூலகத்தில் சித்திரக்கதை மன்றம் தொடங்கும் நான்கு பிள்ளைகள் அதில் வருகிறார்கள். மகேலாவுக்குக் கதைகள் தலை நிறைய இருக்கின்றன, வரையத் தொடங்கும் வழிதான் தெரியவில்லை. ஹோவர்டுக்கு வரைய வரும், கதை தோன்றாது. லிண்டாவுக்குத் தான் வரைந்ததில் குறை மட்டுமே கண்ணில் படும். ஆர்ட்டுக்கு எதைச் செய்தாலும் மகிழ்ச்சி. ஒருவரிடம் இல்லாததை இன்னொருவர் நிரப்பும்போது, சித்திரக்கதை செய்யும் முறையும் நண்பர்களாகும் முறையும் ஒரே கதையில் சொல்லப்பட்டுவிடுகின்றன. கட்டம் பிரிப்பது, வசன பலூனை எங்கே வைப்பது என்பதெல்லாம் பாடமாக இல்லாமல் பிள்ளைகளின் பேச்சாகவே வருகிறது.

தொழில்முறையில் ஒன்று சொல்வேன். முழு வாழ்க்கையையும் ஒரே மூச்சில் வரைய உட்காராதீர்கள். வாரம் ஒரு பக்கம் என்று ரெய்னா செய்ததுபோல் ஒரே ஒரு நிகழ்ச்சியை ஒரு பக்கத்தில் சொல்லிப் பாருங்கள். உங்கள் நண்பர்களின் பெயர்களை மாற்றிவிடுங்கள். அவர்கள் உங்களுக்குச் செய்ததை வரையும் அதே கவனத்தோடு, நீங்கள் அவர்களுக்குச் செய்ததையும் வரையுங்கள். யார் யாருக்குப் பக்கத்தில் நிற்கிறார்கள் என்பதை வசனத்துக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: என் மகன் படக்கதை தவிர வேறெதையும் தொடுவதில்லை. இது வாசிப்புதானா?
(தாய், மதுரை)

வாசிப்புதான். எழுத்தையும் முகத்தையும் இடைவெளியையும் சேர்த்துப் படிப்பதற்குக் கூடுதல் கவனமே வேண்டும். ரெய்னாவே ஒரு கையில் கால்வினையும் மறு கையில் கிளியரியையும் வைத்துக்கொண்டு வளர்ந்தவர்தான். பிடுங்கி வைக்காதீர்கள். அவன் விரும்பும் படக்கதையின் அருகில், அதே வயதுப் பிள்ளைகளைப் பற்றிய ஒரு நாவலையும் வாங்கி வையுங்கள், எடுப்பதும் விடுவதும் அவன் விருப்பம்.

கேள்வி: இவருடைய நூல்களில் எதை முதலில் படிக்கலாம்?
(பலர்)

தன்வரலாறாக உள்ள மூன்றில் 'ஸ்மைல்' முதலில், பிறகு தங்கையோடு சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கொலராடோ மாநிலம் வரை வேனில் போன பயணத்தைச் சொல்லும் 'சிஸ்டர்ஸ்' (2014), அதன்பின் 'கட்ஸ்'. வயதுக் கணக்கில் 'கட்ஸ்' கதைதான் முந்தியது என்றாலும், எழுதிய வரிசையில் படித்தால் அவருடைய கை எப்படித் துணிவு பெற்றது என்பது தெரியும். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு 'பேபி சிட்டர்ஸ் கிளப்' நூல்களிலிருந்து தொடங்கலாம். 'டிராமா' பத்து வயதுக்கு மேல். 'கோஸ்ட்ஸ்' நூலைக் குழந்தையோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். மரணத்தைப் பற்றிய கேள்விகள் அதில் கட்டாயம் வரும்.